கதவைத் திறந்து காட்டிய கம்பெனிகள்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! ஆம்பூரிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கற்பனை நிறுவனங்கள் வேலைத்திறனுக்குத் தருவது பாடமா, பொழுதுபோக்கா என்பது தலைப்பு. பாடமே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு அமர்ந்தார். சிரிப்பதற்காக எழுதிய கதையில் என்ன பாடம்? அமெரிக்காவில் நடக்கும் கதைக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2005 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'தி ஆபீஸ்' தொடரில் டண்டர் மிஃப்லின் என்றொரு காகித விற்பனைக் கம்பெனி வருகிறது. கதை நடக்கும் கிளை நியூயார்க்கில் இல்லை, ஸ்கிரான்டனில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் நிலக்கரியால் வளர்ந்து, நிலக்கரி போனபின் தடுமாறிய ஊர் அது. தலைமையகம் எங்கோ இருக்கும். கிளையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் இங்கே வந்து எல்லோர் தூக்கத்தையும் கெடுக்கும். ஐரோப்பாவில் ஷூ ஆர்டர் குறைந்தால் ஆம்பூரில் ஓவர்டைம் நின்றுபோவதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். நமக்கா அந்த ஊர் அந்நியம்?

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கிளையின் மேனேஜர் மைக்கேல் ஸ்காட். 2009இல் வந்த பகுதிகளில் அவர் மேலிடத்தோடு சண்டையிட்டு வேலையை உதறுகிறார். அதே கட்டடத்தில், அலமாரி போன்ற ஓர் அறையில், இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் காகிதக் கம்பெனி தொடங்குகிறார். பழைய கம்பெனியைவிட விலையைக் குறைக்கிறார். வாடிக்கையாளர்கள் வந்து குவிகிறார்கள். விடியும் முன்னே மூவரும் பழைய வேனில் தாங்களே சரக்கைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். உழைப்பில் குறையே சொல்ல முடியாது. அப்புறம் ஒரு கணக்கர் வந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். வியாபாரம் பெருகப் பெருகச் செலவும் பெருகுகிறது, இந்த விலைக்கு விற்றால் திவால்தான் என்கிறார். அந்த அறையில் மூன்று முகங்களும் வாடிப்போகின்றன.

நடுவர் அவர்களே, அந்த முகங்களை நான் நம் மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை, நாம் அப்பர் என்கிறோமே, அதைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். ஜோடிக்குச் சில ரூபாய் குறைத்துப் பெரிய ஆர்டரைப் பிடித்தார்கள். இரவெல்லாம் விளக்கு எரிந்தது. நூல், பசை, மின்கட்டணம், இரவு ஷிப்டுக்குப் படி, டெம்போ வாடகை என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, தைத்த ஒவ்வொரு ஜோடியிலும் நஷ்டம். மெஷின் நிற்காமல் ஓடியதால் வேலை நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த ஆர்டரைப் பிடிக்கும் முன்பே மைக்கேல் ஸ்காட்டின் கதையைப் பார்த்திருந்தால் அந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே மைக்கேல் இன்னொரு பகுதியில் உள்ளூர் நிர்வாகத்துக்குக் காகிதம் விற்கும் ஒப்பந்தத்தைப் பிடிக்கப் போகிறார். சந்திப்பைப் பெரிய ஓட்டலிலிருந்து சாதாரண உணவகத்துக்கு மாற்றி, மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசுகிறார். கூட வந்த மேலதிகாரிக்குப் பொறுமை போகிறது. கடைசியில் ஒப்பந்தம் கைக்கு வருகிறது. வீண்பேச்சு என்று அந்த அதிகாரி நினைத்ததுதான் அன்றைய வேலையே! எந்த டார்கெட் பலகையில் இதை எழுதுவீர்கள்?

இன்னொரு கம்பெனிக்கு வாருங்கள். 2022இல் தொடங்கிய 'செவரன்ஸ்' தொடரில் வரும் லூமன். இது சிரிப்புக் கதையும் அல்ல, எதிரணியினர் கவனிக்க வேண்டும். அங்கே ஊழியர்கள் நாள் முழுவதும் திரையில் எண்களைப் பார்த்துப் பிரித்துப் போடுகிறார்கள். எதற்கு? அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டார்கள். இலக்கை எட்டினால் ஒரு விளையாட்டுப் பொருள், இன்னும் முன்னேறினால் ஒரு விருந்து. காரணத்தை மறைத்துவிட்டுப் பரிசைக் கொடுத்தால் மனிதனின் மனம் என்ன ஆகும் என்பதை அந்தத் தொடர் வலிக்க வலிக்கக் காட்டுகிறது.

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நம் சகோதரியிடம், மணிக்கு எத்தனை என்று மட்டும்தானே கேட்கிறோம்? அவர் சீவும் அந்த ஓரம்தான் மடிந்து, இன்னொரு துண்டோடு தைக்கப்பட்டு, யாரோ ஒருவரின் கணுக்காலை ஒட்டி உட்காரப்போகிறது. தடிமனாக விட்டால் தையல் மேடு தட்டிக் காலைக் கடிக்கும். அதிகம் சீவினால் தையல் போட்ட இடத்திலேயே கிழியும். முடிந்த ஷூவை ஒருமுறை கையில் கொடுத்து, இதோ அம்மா, உன் வேலை இந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிய ஒரு சூப்பர்வைசரை எனக்குத் தெரியும். அந்த லைனில் பழுதென்று திருப்பி வரும் துண்டுகள் குறைந்தன. அவர் செலவழித்தது ஐந்து நிமிடம்!

உண்மையான நிறுவனங்களைப் பார்த்தே கற்கலாமே என்பார்கள். எப்படிக் கற்பது? அவை நமக்குக் காட்டுவது ஆண்டறிக்கையையும் விருதுக் கேடயத்தையும். ஒன்றரை மணி நேரம் ஓடி ஒன்றுமே முடிவாகாத கூட்டத்தையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அஞ்சும் மேலாளரையும் யாராவது வாசலைத் திறந்து காட்டுவார்களா? கேட்டிலேயே காவலாளி நிறுத்திவிடுவார். கற்பனைக் கம்பெனிக்கு மறைக்க மானம் இல்லை, பங்குதாரர் இல்லை. அதனால்தான் அதன் தோல்வியை உள்ளே நுழைந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க நமக்கு வழி கிடைக்கிறது.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்று கேட்கிறேன். தான் தோற்ற நாளில் அறைக்குள் நடந்ததை முழுவதும் நமக்குத் திறந்து காட்டிய உண்மையான நிறுவனம் ஒன்றின் பெயரை இந்த மேடையில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்பு வழங்கட்டும்.