பசுவுக்கு ஆனது குதிரைக்கு ஆகுமா?

(உதகையில் குதிரை வைத்திருப்பவர்களும் கறவை மாடு வளர்ப்பவர்களும் கூடிய ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் இருக்கிறீர்கள். பின்னால் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வந்த அக்காமார்கள், பால்மாடு வைத்திருப்பவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து மூலிகை வைத்தியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படிச் சேர்த்துப் பேசுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஆடி மழையில், ராத்திரி 11 மணிக்கு ஒரு போன். "சார், குதிரை படுக்குது, எழுந்திரிக்குது, வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குது." மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். "வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, வெல்லம் எல்லாம் அரைச்சு மூங்கில்ல ஊத்தினோம் சார். பக்கத்து வீட்டு மாட்டுக்கு வயிறு உப்பினப்போ அதுதான் கேட்டுச்சு."

மாட்டுக்குக் கேட்டது உண்மைதான். நல்ல மருந்து அது. நானே பல மாடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிப்புத் தொட்டி. அதில் எந்நேரமும் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். மாடு அதை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஏப்பம் நின்றால் உப்புசம். காரமும் கார்ப்பும் போய் வயிற்றைத் தட்டி எழுப்பினால் ஏப்பம் திரும்ப வரும்.

குதிரைக்கு அந்தத் தொட்டியே கிடையாது. இரைப்பை 8 முதல் 15 லிட்டர், அவ்வளவுதான். ஏப்பம் விடாது. வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை உள்ளே விடும், வெளியே விடாது. தழையும் வைக்கோலும் புளித்து செரிப்பது பின்குடலில். அப்படிப்பட்ட வயிற்றில், ஏற்கெனவே அடைத்துக் கிடக்கும்போது வெல்லத்தைக் கரைத்து ஊற்றினால் புளிப்பு இன்னும் ஏறும். இரைப்பை கிழிந்துபோகும் அளவுக்கும் போகலாம். வெங்காயமும் பூண்டும் அளவு மீறினால் குதிரையின் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கும். நாய்க்கும் பூனைக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, விடியும்வரை கூடவே நின்று வயிற்றை மீட்டோம். ஆனால் மூங்கிலில் புகட்டியதில் பாதி நுரையீரலுக்குப் போயிருந்தது. நாலாம் நாள் இருமல் ஆரம்பித்தது. பொங்கல்வரை அந்தக் குதிரை யாரையும் சுமக்கவில்லை. அதை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கொடுத்தவர் அன்போடுதான் கொடுத்தார். இன்னொரு உடம்புக்கு எழுதிய மருந்து, அது ஒன்றுதான் தப்பு.

குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறதா, முன்காலால் தரையைச் சுரண்டுகிறதா? தீவனத்தை எடுத்துவிடுங்கள். வாய் வழியாக எதையும் புகட்டாதீர்கள். மெதுவாக நடத்துங்கள். தாடை எலும்பின் உள் ஓரத்தில் விரலை வைத்தால் நாடி துடிப்பது தெரியும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்றின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேளுங்கள். குடல் ஓடும் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லாத வயிறுதான் பயப்பட வேண்டிய வயிறு.

குதிரைக்கு முதல் மருந்து தீவனம். நம் நாட்டுக்கு இது பழைய பாடம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் மிஞ்சுவது சொற்பம் என்று எழுதிவைத்தார். லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறார்கள் என்றும் எழுதினார். கப்பலில் வந்த அரபுக் குதிரைகள் சோறு தின்று செத்தன. இன்றைக்கு ஏரிக்கரையில் பிஸ்கட், பிரெட், பொரி. ராத்திரி அவிழ்த்துவிட்டால் மார்க்கெட் குப்பை, பிளாஸ்டிக் பை. சுமாரான மட்டக்குதிரை 250 கிலோ இருக்கும். அதற்கு நாளைக்கு 4, 5 கிலோ காய்ந்த புல் வேண்டும். ஒரே நேரத்தில் போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. இதைச் செய்தால் வயிற்றுக்கு நான் சொல்லக்கூடிய பச்சிலை எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது.

சரி, அக்காமார்கள் பக்கம் வருகிறேன். மடிநோய்க்கு ஒரு மருந்து இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்தை அளவும் முறையும் வைத்து ஒழுங்குபடுத்தினார். தேசிய பால்வள வாரியம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் முள்ளை மட்டும் சீவிவிட்டுத் தோலோடு நறுக்கி மற்ற இரண்டையும் சேர்த்து அரையுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததும் விழுது குங்குமச் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பு வரவில்லை என்றால் ஏதோ ஒன்று பழசு, அல்லது கலப்படம்.

முதலில் மடியிலுள்ள பாலை முழுசாகக் கறந்துவிட வேண்டும். கழுவித் துடைக்க வேண்டும். ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். இதை ஒரு நாளில் 8 முதல் 10 தடவை, 5 நாள். எங்கே தோற்கிறது என்றால் இங்கேதான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூசிவிட்டு "கேக்கலை சார்" என்பார்கள். மாத்திரையில் வேளை தப்பக் கூடாது என்று தெரிந்த நாம், பச்சிலைக்கு மட்டும் வேளை பார்ப்பதில்லை. அப்புறம், மாடு தீவனத்தை விட்டு, காய்ச்சலோடு, பால் தண்ணியாகவோ ரத்தமாகவோ வந்தால் விழுதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அன்றைக்கே ஊசி வேண்டும்.

இந்த மலையில் மூலிகைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் மனசுக்கு மிக நெருக்கமானது அது. கீழே சீகூர், மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம், பிணம் தின்னும் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் மிச்சமிருக்கும் வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மாட்டுக்கு வலி குறைய டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால் பாறின் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் செத்துவிழும். 1990களில் தொடங்கி இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 100க்கு 99 இப்படித்தான் போயின. 2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டுக்கும் வந்தது. மெலாக்சிகாம் பாறுகளுக்குக் கெடுதல் செய்யாது. வலிமருந்து தேவைப்பட்டால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஊசி இல்லாமல் ஆறும் ஒவ்வொரு மடியும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் நல்லது.

பச்சையாக இருப்பதெல்லாம் மருந்து என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். ரோட்டோரம், ஓடைக்கரை எங்கும் யூபடோரியம் மண்டிக்கிடக்கிறது. செந்நிறத் தண்டு, வெள்ளைக் கொத்துப் பூ. மெக்சிகோவிலிருந்து வந்த களை. மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும், குதிரை விரும்பித் தின்னும். பூக்கும் சமயத்தில் விஷம் அதிகம். மாசக்கணக்கில் தின்றால் நுரையீரல் தடித்துப்போகும். முதலில் ஓடவிட்ட பிறகு இருமும். அப்புறம் மேடு ஏறவே திணறும். ஆஸ்திரேலியாவில் இந்தச் செடியால் பண்ணை பண்ணையாகக் குதிரைகள் செத்திருக்கின்றன. கெட்டுப்போன நுரையீரலைத் திருப்பித் தர எந்த மருந்தாலும் முடியாது. சளி என்று நினைத்துத் தூதுவளைக் கஷாயம் வைத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் குதிரை எங்கே மேய்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பெரணியும் அப்படித்தான். குதிரை தொடர்ந்து தின்றால் உடம்பிலுள்ள தயமின் (வைட்டமின் பி1) சத்து அழிந்து கால் தடுமாறும். மாடு வருஷக்கணக்கில் தின்றால் சிறுநீரில் ரத்தம் போகும். உண்ணிச்செடி மாட்டின் ஈரலைக் கெடுக்கும். வெயில் பட்டால் தோல் வெந்து உரியும். அரளி எல்லாவற்றையும் கொல்லும். ஊட்டித் தைலம் மேல் வலிக்கு நல்லதுதான், ஆனால் வீட்டுப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். பூனையின் ஈரலுக்கு அதைக் கழிக்கும் சக்தி இல்லை. விண்டர்கிரீன் தைலம் பூனைக்கு அதைவிட மோசம்.

குதிரைக்கு மூலிகை நன்றாகக் கைகொடுக்கும் இடம் புண். காலின் கீழ்ப்பகுதியில் பட்ட காயத்தில் சதை மிதமிஞ்சி வளர்ந்து ஆறாமல் கிடக்கும் இல்லையா, அங்கே வடிகட்டிய சுத்தமான தேன் நல்ல மருந்து. கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு போட்டுக் கழுவி, தேனைத் தடவி, துணி கட்டிவிடுங்கள். தேன் புண்ணிலுள்ள நீரை இழுக்கிறது, புளிப்பாக இருக்கிறது, கிருமி தங்க விடுவதில்லை. கடையில் வாங்கும் சர்க்கரைப் பாகு தேன் ஆகாது.

ஆனால் முதுகில் சேணப் புண் என்றால் தேனும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் எல்லாம் இரண்டாவது. சேணம் இறங்க வேண்டும். சீசனில் ஒரு நாள் நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். மே மாதம் சம்பாதித்தால்தான் ஆடி மாதம் சாப்பாடு. இருந்தாலும், காலையில் மருந்து போட்டு மதியம் அதே இடத்தில் ஒருவரை உட்கார வைத்தால் அந்தப் புண் ஆறாது. முழு உடம்பையும் பார்த்து வைத்தியம் செய்வது என்கிறார்களே, அதற்கு நான் புரிந்துகொண்ட அர்த்தம் இதுதான்: புண்ணைப் பார்த்தவுடன் சேணத்தைத் திருப்பிப் பார்ப்பது, இருமலைக் கேட்டவுடன் மேய்ச்சல் இடத்துக்குப் போவது. சேணத்தின் உள்பக்கம் கையை வைத்துத் தடவுங்கள், எங்கே கட்டியாக இருக்கிறதோ அங்கேதான் முதுகில் புண் இருக்கும்.

அக்குபங்சர் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். முதுகு வலிக்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் செய்தால் செய்துகொள்ளுங்கள். தினமும் 20 நிமிஷம் கையால் செய்யும் மாலிஷ் அதற்குக் குறைந்ததில்லை. ஹோமியோபதிக்கு, வயிற்றுவலி வந்த குதிரையின் ஒரு மணி நேரத்தைக்கூட நான் கொடுக்கமாட்டேன்.

டெட்டனஸ், வெறிநோய் இரண்டுக்கும் பச்சிலை இல்லை. டெட்டனஸ் குதிரையை மிகச் சுலபமாகப் பிடிக்கும். லாட ஆணி குத்திய சின்ன ஓட்டை போதும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இங்கேயே ஒவ்வொருவரையும் கேட்கப்போகிறேன், பதில் இல்லாதவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்.

பேச்சு போதும். வாசலில் ஒரு சிவப்புக் குதிரையைக் கட்டியிருக்கிறார்கள், நான் உள்ளே வரும்போது பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் நின்றது. மழைக்காலத்தில் ஈரமான லாயத்தில் நின்றால் குளம்பின் அடியில் கறுப்பாகக் கசிந்து நாறும். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குளம்பைத் தூக்கிச் சுரண்டி, காயவைத்து, வேப்பெண்ணெய் எப்படி வைப்பது என்று காட்டுகிறேன். கற்றாழை கொண்டுவந்த அக்காமார்கள் அம்மியை இந்தப் பக்கம் போடுங்கள். குதிரைக்காரர்கள் என்னோடு வாசலுக்கு வாருங்கள், அதன் பின்னால் மட்டும் யாரும் போய் நிற்காதீர்கள்.