மீட்டரை விடுங்கள், ரிம்மைப் பாருங்கள்: பழைய மினி டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு

வணக்கம் உறவுகளே. இன்றைக்குத் தோப்பில் காற்று கொஞ்சம் அதிகம், மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கிறதே, அதுதான் நம்ம மினி டிராக்டர். மூன்று சிலிண்டர், 18.5 ஹெச்.பி., ஃபோர் வீல் டிரைவ். போன வீடியோவில் இது மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, பழசு வாங்கலாமா, எத்தனை மணி நேரம் ஓடின வண்டி வரைக்கும் வாங்கலாம்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கேட்பது இந்த மணிக்கணக்கைத்தான். நான் முதலில் கேட்பது அது இல்லை. வண்டி எந்த மண்ணில் ஓடியது? அதைச் சொன்னால் போதும், பாதி வண்டி தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. எல்லோருக்கும் மினி டிராக்டர் தேவையில்லை. எங்கள் உடுமலைப் பக்கம் தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி இடைவெளி விடுகிறோம். வெறும் தென்னை மட்டும் என்றால் 45 ஹெச்.பி. பெரிய வண்டியே தாராளமாக உள்ளே வந்து திரும்பும். மூன்று ஏக்கர் வெறும் தென்னை வைத்துக்கொண்டு சொந்த டிராக்டர் வாங்குவது வீண். வாடகைக்கு ஓட்டிவிட்டுப் போய்விடலாம். ஊடுபயிராகக் கோகோ, ஜாதிக்காய், வாழை என்று வைத்த பிறகுதான் பிரச்சினை. பெரிய வண்டி நுழைந்தால் கிளை ஒடியும், திரும்ப இடம் இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் இதே கதைதான், அங்கே மனிதனே குனிந்து நடக்க வேண்டும். அந்த மாதிரி இடத்துக்குத்தான் இந்த வண்டி.

சந்தையில் பழசாகக் கிடைப்பவை எவை? ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 இரண்டும் 15 ஹெச்.பி., ஒற்றை சிலிண்டர். அதிர்வு இருக்கும், ஆனால் வேலை எளிது, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். அடுத்து வி.எஸ்.டி. தயாரிக்கும் சக்தி எம்.டி. 180டி. அந்தக் கம்பெனி 1967-இல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து பெங்களூருவில் தொடங்கியது, டிராக்டர் ஓசூரில் தயாராகிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் குபோட்டா 24 ஹெச்.பி. எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் எதற்கு ஸ்பேர் கிடைக்கிறதோ அதுதான் நல்லது.

சரி, மண் விஷயத்துக்கு வருவோம்.

நெல் வயலில் சேறு அடித்த வண்டி. டெல்டாவிலிருந்து வருகிற மினி டிராக்டர்களில் பல இப்படித்தான். சேற்றில் இறக்கும்போது பின் சக்கரத்தோடு கேஜ் வீல், அதாவது இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவார்கள். அதனால் நான் வண்டியைப் பார்க்கப் போனதும் பானெட்டைத் திறக்க மாட்டேன். நேராகப் பின் சக்கரத்துக்குப் போய் ரிம்மைப் பார்ப்பேன். கேஜ் வீல் மாட்டிய கொக்கித் தடம், வெல்டிங் வைத்த அடையாளம், பெயின்ட் தேய்ந்த வளையம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்த வண்டி சேற்றில் முழங்கால் ஆழம் நின்றிருக்கிறது. விற்கிறவர் "தோப்பு வண்டிங்க" என்று சொன்னாலும் சரி, ரிம் வேறு கதை சொல்லும்.

சேறு என்றால் ஏன் பயப்படுகிறேன்? ஃபோர் வீல் வண்டியில் முன் சக்கரத்துக்கு உள்ளே பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. சேற்றில் ஓடும்போது அது முழுக்க மூழ்கும். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பேரிங்கும் பல்லும் அரித்துக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். முன் ஆக்சில் டிரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டாம், லேசாகத் தளர்த்தினால் போதும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கியிருக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். கியர் பாக்ஸிலும் இதே சோதனை செய்யலாம். டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால், பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். போல்ட்டைத் தொட விடாத ஆளிடம் வண்டியே வாங்காதீர்கள்.

திராட்சைத் தோட்டத்து வண்டி இதற்கு நேர் எதிர். பார்த்தால் பிடிக்காது. அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள், அதில் இருப்பது மயில்துத்தம். தெளிக்கும்போது வண்டி மேலெல்லாம் படியும். பானெட் தகரம் பொத்துப்போயிருக்கும், மட்கார்டு ஓரம் உதிரும், வயர் கனெக்டரெல்லாம் பச்சை பூத்திருக்கும். ஆனால் அந்த வண்டி என்ன வேலை செய்திருக்கிறது என்று யோசியுங்கள். முதுகில் ஸ்ப்ரேயரைச் சுமந்துகொண்டு, பி.டி.ஓ.வில், அதாவது பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டில், ஒரே சீராக ஓடியிருக்கிறது. கிளட்சுக்கும் கியருக்கும் பெரிய அடி இல்லை. தகரம் மாற்றுவதும் வயரிங் புதிதாக இழுப்பதும் சின்ன வேலை. பளபளவென்று பெயின்ட் அடித்த வயல் வண்டியும், துருப்பிடித்த தோட்டத்து வண்டியும் ஒரே விலை என்றால், யோசிக்காமல் துருப்பிடித்ததையே எடுப்பேன். அந்தத் துருவைக் காட்டியே விலையையும் குறைக்கலாம்.

மூன்றாவது வகை, டிரெய்லர் இழுத்த வண்டி. செங்கல், மண், தேங்காய் லோடு. டிரெய்லரைக் கோக்கும் டிரா பார் துளையைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் சரி, முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். கிளட்சும் பிரேக்கும் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே விலை பேசுங்கள்.

மணி மீட்டரை ஏன் நம்பக் கூடாது? பழைய மாடல்களில் பலவற்றில் அது கேபிளில் ஓடுகிறது. கேபிள் அறுந்தால் மீட்டர் நின்றுவிடும், வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்று, அது இன்ஜின் சுற்றைத்தான் எண்ணுகிறது. மெதுவாக ஐட்லிங்கில் ஒரு மணி நேரம் நின்றால் மீட்டரில் ஒரு மணி ஏறாது. அதனால் 1,200 என்று காட்டினாலும் 1,200 இல்லை. இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், இங்கே பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா? பி.டி.ஓ. ஷாஃப்டின் பல் கூராக மெலிந்திருக்கிறதா? பின்னால் கருவி மாட்டும் லிங்க்கின் பந்து மூட்டு லொடலொடவென்று ஆடுகிறதா? இந்த மூன்றும் பொய் சொல்லாது.

இப்போது இன்ஜின். வருவதற்கு முன்னால் வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் தெளிக்கும் நாசிலில் வேலை இருக்கலாம், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் செட் பார்க்க வேண்டும். லோடு கொடுக்கும்போது கறுப்பு என்றால் முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள், பல நேரம் அதோடு முடிந்துவிடும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வையுங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் கம்ப்ரஷன் கீழே கசிகிறது என்று அர்த்தம்.

பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட்டின் சோதனைக்கு ரோட்டவேட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். வெறுமனே தூக்கிக் காட்டினால் எல்லா வண்டியும் தூக்கும். மேலே தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடியுங்கள். டீ முடிவதற்குள் ரோட்டவேட்டர் தரையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே சீல் கசிகிறது. ஆனால் அதற்கு அடியில் யாரும் கை கால் விடாதீர்கள்.

ஃபோர் வீல் வாங்குகிறவர்கள் டயர் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்றும்படி கியர் வைத்திருப்பார்கள். பழைய ஓனர் கிடைத்த அளவில் முன் டயரை மாற்றியிருந்தால், கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது முன்னும் பின்னும் ஒன்றோடொன்று இழுபறி. கடைசியில் உடைவது கியர். தார் ரோட்டில் எந்த வண்டியாக இருந்தாலும் ஃபோர் வீலை எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

விலை பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. டிராக்டர் டயருக்கும் பாகங்களுக்கும் 18-இலிருந்து 5. புதுசின் விலை இறங்கிய பிறகும் பழசுக்குப் பழைய விலையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புது வண்டிக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பேசி முடித்த விலையைத் தவிர, டயர், பேட்டரி, கிளட்ச் என்று ஒரு அரை லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். தேவைப்படாவிட்டால் சந்தோஷம்.

பேப்பர். இதைச் சொன்னால் வீடியோவைத் தள்ளிவிடுவீர்கள், தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவு 15 வருடத்துக்குத்தான், அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2010 மாடல் வண்டி என்றால் அந்தக் கெடு வந்துபோய்விட்டது, புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பேங்க் லோன் போட்டு வாங்கியதாக இருந்தால் கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். ஆட்சேபணை இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30. டிரெய்லரையும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு, தனி ஆர்.சி. சேஸிஸ் நம்பரை நீங்களே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று, இனி வைத்துக்கொள்வது எப்படி? பழைய வண்டியில் எனக்குப் பிடித்ததே இதுதான், டீசலுக்கு எல்லாம் மெக்கானிக்கல் பம்ப். சென்சார் கிடையாது, லேப்டாப் கொண்டு வந்து சொருக வேண்டாம். டீசல் தீர்ந்து காற்று பிடித்துக்கொண்டால் ஃபில்டர் மேலே காற்றை வெளியேற்ற இருக்கிற பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தால் பெரும்பாலும் போதும், உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் வீட்டுப் பாத்திரத்திலேயே உப்பு படிகிறது, ரேடியேட்டர் குழாய் எம்மாத்திரம்? கூலன்ட் ஊற்றுங்கள். முன் கிரில்லில் தென்னம் பஞ்சும் காய்ந்த புல்லும் வந்து அடைத்துக்கொள்ளும், தோப்பில் ஓட்டும்போது மதியத்துக்கு ஒரு தடவை இறங்கித் தட்டிவிட்டால் சூடு ஏறாது. ஏர் கிளீனர், புழுதியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் வகை என்றால் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். சேறு மாதிரி கெட்டியாகியிருந்தால் கழுவிப் புது ஆயில் விடுங்கள். புழுதிக் காலத்தில் இதை விட்டுவிட்டு ரிங் செட் மாற்றுவது நாற்பது மடங்கு செலவு, கணக்கெல்லாம் கேட்காதீர்கள், நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன், ஆனால் செலவு பெரிதுதான்.

கடைசியாகப் பி.டி.ஓ. ஷாஃப்ட். பழைய வண்டிகளில் அதன் மேல் கவரே இருக்காது, எப்போதோ உடைந்து எறிந்திருப்பார்கள். 540 ஆர்.பி.எம். என்றால் ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ, துண்டோ, சேலை முந்தானையோ பட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. வண்டி வாங்கிய அன்றைக்கே கவர் வாங்கி மாட்டுங்கள், பெயின்ட் அப்புறம் அடித்துக்கொள்ளலாம். இந்த வண்டிகளில் பலவற்றுக்குத் தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பியும் கிடையாது, அகலமும் குறைவு. அதனால் வரப்பு ஏறும்போது நேராக ஏறுங்கள், சாய்வில் திருப்பாதீர்கள், குழந்தையை மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள்.

முன் ஆக்சில் சீல் மாற்றுவதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன், சாமான் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது கோகோ வரிசையில் இரண்டு நடை ஓட்ட வேண்டும். கேமராவை அந்த மரத்தில் கட்டிவிட்டுப் போகிறேன், பார்த்துக்கொண்டிருங்கள்.