நெல்வயலுக்குள்ள ஒரு கடற்கரை: பினாங்கிலிருந்து கடாரத்துக்கு

(காட்சி: தஞ்சோங் பூங்கா கடற்கரை, காலை நேரம்)

இங்க நின்னு வடக்கே பாருங்க. வானம் தெளிவா இருந்தா, கடலுக்கு அந்தப் பக்கம் நீலமா ஒரு மலை தெரியும். குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். வங்கக்கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்குக் கரை தெரியறதுக்கு முன்னாடியே இந்த மலை தெரிஞ்சிடும். அதன் அடிவாரத்துத் துறைமுகத்தைத்தான் நம்ம ஆளுங்க கடாரம்னு சொன்னாங்க. 1025-ல ராஜேந்திர சோழனோட கடற்படை போன கடாரம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல அந்தப் பேர் இருக்கு.

அங்கதான் போறோம். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்குங்க: பழைய கடற்கரை இப்போ கடலோரத்துல இல்ல. ஆறு கொண்டுவந்த வண்டல் சேர்ந்து சேர்ந்து, கடல் மேற்கே ஒதுங்கிடுச்சு. தேடவேண்டியது நெல்வயல்ல.

(காட்சி: பாலம் தாண்டி செபராங் பிறை, வயல்கள்)

முதல்ல குவார் கெப்பா. கெப்பான்னா மட்டி, குவார்னா மேடு. 5,000 வருஷத்துக்கும் முந்தின மக்கள் மட்டியைத் தின்னு, அதோட ஓடுகளை மலை மாதிரி குவிச்ச இடம். செத்தவங்களையும் அந்த ஓட்டுக்கு நடுவுலதான் புதைச்சாங்க. பிற்காலத்துல அந்த ஓடுகளைச் சுண்ணாம்பு சுட அள்ளிட்டாங்க. தோண்டி எடுத்த எலும்புகள் நெதர்லாந்துக்குப் போயிடுச்சு. ஒண்ணுமே மிஞ்சலைன்னு இருந்தப்போ, 2017-ல ஒரு பெண்ணோட எலும்புக்கூடு கிடைச்சது. பினாங்குப் பெண்ணுன்னு பேர் வச்சாங்க. அங்க நின்னா கடல் கண்ணுக்கே தெரியாது. காலடியில மட்டும் மட்டி ஓடு.

அடுத்து பெனாகா பக்கம், கோலா மூடா. இங்க மீன் ஏலத்துக்குப் பேரே பாசார் பீசிக், குசுகுசு சந்தை. வாங்கறவர் மீனவர் காதுல விலையைச் சொல்வார். அடுத்தவருக்குக் கேக்காது. எது கூடுதலோ அதுக்கு மீன் போகும்.

சுங்கை மூடா ஆத்தைத் தாண்டினா கெடா மாநிலம், அந்தப் பழைய கடாரம். கோத்தா கோலா மூடாவுல, 2004 டிசம்பர் 26 சுனாமியில உடைஞ்ச படகுகளை அடுக்கி நினைவிடமா வச்சிருக்காங்க. கொஞ்ச நேரம் இறங்கி நில்லுங்க.

(காட்சி: மெர்போக், லெம்பா பூஜாங் அருங்காட்சியகம்)

இங்க அவசரப்படாதீங்க. சண்டின்னா இங்க பழைய கோயில். புக்கிட் பத்து பஹாட் சண்டி, ஓடைக்கரையில கருங்கல்லால கட்டினது. 1960-ல சீரமைச்சு முடிச்சாங்க. விமானம், முன்னால மண்டபம், நம்ம கோயில் அமைப்புதான். மண்டபத்துல வட்டவட்டமா கல் இருக்கு பாருங்க, அதுமேல நின்ன தூண் மரம். மழையும் வெயிலும் மரத்தைத் தின்னுடுச்சு, கல் நிக்குது. கல் தமிழ்நாட்டை ஞாபகப்படுத்தும், மரம் இந்த மண்ணோட கைவேலை. அதனாலதான் இதை முழுக்க நம்முடையதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ரெண்டு கரையும் சேர்ந்து கட்டினது.

பக்கத்துல பெங்காலான் பூஜாங்லேருந்து கொண்டுவந்து வச்ச சண்டியும் இருக்கு. பெங்காலான்னா படகுத்துறை. இப்போ அந்த ஊரைச் சுத்தி வயல். அங்க மண்ணுக்குள்ள சீனப் பீங்கானும் மணிகளும் கிடைச்சிருக்கு. துறை போயும் பேர் போகல.

எல்லாம் இப்படித் தப்பிக்கல. பதினோராம் எண் சண்டி, நிலம் திருத்தறப்போ இடிக்கப்பட்டது 2013-ல வெளியே தெரிஞ்சது. ஆயிரம் வருஷம் தாங்கின செங்கல்லு. நினைச்சா இன்னும் வயிறு எரியுது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் கெஞ்சறது அதுக்காகத்தான்.

(காட்சி: தஞ்சோங் டாவாய், படகுத்துறை, மாலை)

கடைசியா கருவாடு, நெத்திலி வாசத்தோட தஞ்சோங் டாவாய். காரை நிறுத்திட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் படகு ஏறுங்க. படகு மெர்போக் ஆத்து நடுவுக்கு வந்ததும் திரும்பிப் பாருங்க. காலையில நீலப் புள்ளியா தெரிஞ்ச ஜெராய், இப்போ பச்சையா, தலைக்கு மேல நிக்கும்.