அடுத்த அடுப்பு

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

இந்த ஒலிபரப்பு மலையோடு நிற்பதில்லை. வத்தலக்குண்டு, திண்டுக்கல், தேனி, மதுரை என்று கீழே வெகுதூரம் போகிறது. எத்தனையோ ஓட்டல்களில் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்த கையோடு ரேடியோவையும் போட்டுவிடுவார்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் அப்படிக் கேட்டவன்தான். அதனால் இப்போது காய் நறுக்கிக்கொண்டோ தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டோ கேட்கிற தம்பிகளை மனதில் வைத்துப் பேசுகிறேன். மற்றவர்களும் கேளுங்கள். ஓட்டலில் ஒரு வேளையாவது சாப்பிடாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலையில் திருப்தி இருக்கிறதா, முன்னேற வழி இருக்கிறதா என்று பேசச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அடுப்படியில் நின்று நான் கண்டது இதுதான். அங்கே நிற்கிற ஒருவருக்கு அடுத்த அடுப்பு, அதாவது தொழிலில் அடுத்த படி, எப்போது கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் அனலையும் தாங்குவார், தூக்கம் கெட்டாலும் தாங்குவார். தெரியாவிட்டால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

நானே அப்படி பஸ் ஏறப் போனவன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1991 மே மாதம். மதுரையில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தேன். சாம்பார், ரசம், குருமா, குழம்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வோம். கொடைக்கானலில் சீசனுக்கு ஆள் வேண்டும், சம்பளம் கூட என்றார்கள். வந்துவிட்டேன். முதல் நாளே மதியம் இரண்டு டூரிஸ்ட் பஸ் ஆட்கள் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதுரையில் வைக்கிற அதே கணக்குக்கு உலை வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அரிசியைப் போட்டேன், அதே நேரத்துக்கு வடித்தேன். எடுத்து நசுக்கிப் பார்த்தால் நடுவில் நறுக்கென்று நிற்கிறது. பருப்பு அதைவிட மோசம். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. முந்தின நாள் ராத்திரி ஆட்டிவைத்த மாவும் பொங்கவில்லை, காலையில் வார்த்த இட்லி கல்லாகத்தான் வந்தது. வடை மட்டும் நன்றாக இருந்தது. வடையையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சமாளிக்க முடியும்? முதலாளி எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியை இங்கே சொல்ல வேண்டாம். பத்து வருடம் கற்ற தொழில் ஒரே மத்தியானத்தில் கையைவிட்டுப் போனதுபோல இருந்தது. சாயங்காலம் பையைக் கட்டிவிட்டேன்.

அந்த ஓட்டலில் ஒரு பெரியவர் இருந்தார். பண்ணைக்காட்டுப் பக்கம் சொந்த ஊர். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, உன் கையில தப்பு இல்ல. மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், ஆனா சூடு பத்தாது" என்றார். எனக்குப் புரியவில்லை. கொதித்தால் கொதித்ததுதானே? "கொதிக்கிறதப் பாத்து ஏமாறாத. வெந்ததாங்கிறத விரல்ல பாரு" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மதுரையில் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிப்பது இங்கே 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிநிலை வந்த பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் அரிசியும் பருப்பும் வேக நேரம் கூடுகிறது. எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை, அதனால் வடை பிழைத்தது. அந்த டிகிரிக் கணக்கெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பெரியவருக்கு அது தெரியாது. ஆனால் அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எவ்வளவு தண்ணீர் கூட்டுவது, மூடி மேல் கல் வைத்து எப்படி வேகவைப்பது, மாவுச் சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்பு ஓரத்தில் எப்படி வைப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகு, பதினைந்து நாள், தன் அடுப்பிலேயே என்னை நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். பஸ்ஸுக்கு எடுத்துவைத்த காசு பையிலேயே இருந்தது. அதன் பிறகு நான் மலையை விட்டு இறங்கவில்லை.

அவர் எனக்குச் சம்பளம் கூட்டித் தரவில்லை, அந்த அதிகாரமும் அவருக்குக் கிடையாது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு தொழிலாளியை வேலையில் நிறுத்திவைக்கிற சக்தி அதற்கு உண்டு.

இதற்கு நேர்மாறான இடத்திலும் நின்றிருக்கிறேன். மதுரைக்கு முன்னால், பையனாக இருந்தபோது ஒரு மாஸ்டரிடம் நாலு வருடம் இருந்தேன். விடியற்காலை நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மசாலா கலப்பார். எங்களை உள்ளே விடமாட்டார். ஊறவைத்த மிளகாய் எவ்வளவு குறைந்திருக்கிறது, கொத்தமல்லி டின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, மோப்பம் பிடித்துத்தான் அந்தக் கணக்கைக் கற்றேன். அவரைக் குறை சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. அவர் ஏன் மறைத்தார்? பையன் கற்றுக்கொண்டால் முதலாளி பாதிச் சம்பளத்துக்கு அவனையே மாஸ்டராக்கிவிட்டு இவரை அனுப்பிவிடுவார். அந்த பயம். அது நியாயமான பயம்தான், அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் ஓட்டல் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஆளைத் தயார் செய்து கொடுத்த மாஸ்டருக்கு அதற்காகவே சம்பளத்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுங்கள். கற்றுக்கொடுத்தால் தன் வேலை போகாது என்று அவருக்குத் தெரிந்தால் கதவு தானாகத் திறக்கும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அடுத்த அடுப்பு பையனுக்கு மட்டும் இருந்தால் போதாது. மாஸ்டருக்கும் அடுத்து ஒரு இடம் வேண்டும்.

சரி, பெரிய ஓட்டல்களில் எப்படி? இன்றைக்கு உலகம் முழுவதும் நட்சத்திர ஓட்டல் சமையலறையில் இருக்கிற படிநிலையை ஒழுங்குபடுத்தியவர் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சுக்காரர். 1846-இல் பிறந்தார். பதின்மூன்று வயதில் தன் அப்பாவின் சகோதரர் நடத்திய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நம் பையன்கள் சேர்கிற மாதிரியேதான். ராணுவச் சமையலிலும் இருந்தார். 1890-இல் லண்டன் சவாய் ஓட்டலுக்குப் போனபோது சமையலறையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர். ஒரே ஆள் ஒரு தட்டு முழுவதையும் செய்தால் ஆகிற நேரம் இப்படிச் செய்தால் வெகுவாகக் குறையும். எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது வேறு. அந்தக் காலத்துச் சமையலறையில் அனல் தாங்காமல் ஆட்கள் குடித்துக்கொண்டே வேலை செய்வார்கள். அவர் அதை நிறுத்தி, வைத்தியரைக் கேட்டு பார்லித் தண்ணீர் காய்ச்சி வைத்தார். கத்திப் பேசக் கூடாது என்றார். சமையல்காரர் வெளியே போகும்போது மரியாதையாக உடுத்திப் போக வேண்டும், படிக்க வேண்டும் என்றார். தொழிலுக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் தொழிலாளியை மதிக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

அந்தப் படிநிலையில் கீழே காமி என்கிற உதவிச் சமையல்காரர், பிறகு டெமி செஃப், ஒரு பகுதிக்குப் பொறுப்பான செஃப் டி பார்ட்டி, துணைத் தலைவரான சூ செஃப், மேலே எல்லாருக்கும் தலைவரான எக்ஸிகியூடிவ் செஃப். காமியிலேயே மூன்று படி உண்டு. நல்ல ஓட்டலில் காமியைக் குளிர்பதார்த்தப் பகுதியில் சில மாதம், தந்தூரியில் சில மாதம், பேக்கரியில் சில மாதம் என்று மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். அந்த மாற்றல்தான் உயிர். அது இல்லாமல் வேலைப் பிரிவினை மட்டும் இருந்தால் பரோட்டா போடுகிறவர் இருபது வருடமும் பரோட்டா போட்டுக்கொண்டே இருப்பார். நம் ஊரில் அதுதான் நடக்கிறது. கிளீனர், கட்டிங், ஹெல்பர், தோசைக்கல், பரோட்டா, சரக்கு, அதோடு படி முடிந்துவிடுகிறது. தோசைக்கல்லில் நிற்பவரைக் குருமா பக்கம் யாரும் கூப்பிடுவதில்லை. கல்லில் அவர் கை வேகம், அதனால் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். திறமையே விலங்காகிவிடுகிறது.

பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்து சேர்ந்தான். மூன்று வருடம் பூண்டு உரிப்பதும் வெங்காயம் நறுக்குவதும்தான் அவன் வேலை. அப்படி விட்டது என் கவனக்குறைவு. ஒரு நாள் பூண்டுக் குழம்புக்கு நான் பூண்டு அள்ளும்போது, "அண்ணே, இது மலைப்பூண்டு. கீழ்ப்பூண்டு கணக்குல போடாதீங்க, காரம் தூக்கிடும்" என்றான். அவன் வீட்டில் பூண்டு விவசாயம். பூண்டைக் கொத்தாகக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்டு மாதக் கணக்கில் வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு அதிகம் தெரியும். அன்றைக்கே கரண்டியை அவன் கையில் கொடுத்தேன். ஒரு சுற்றுலாக் குடும்பத்து அம்மா உள்ளே வந்து, "இந்தக் குழம்பு யார் வச்சது?" என்று கேட்டார்கள். நான் தம்பியைக் காட்டினேன். அவன் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இப்போது கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் இருக்கிறான்.

1959-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய இருநூறு பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும், வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்தது எப்போது, மிகவும் நொந்துபோனது எப்போது என்று கேட்டார்கள். சம்பளம், நிர்வாகம், வேலையிடம் சரியில்லை என்றால் மனிதர் நொந்துபோகிறார். அவை சரியானால் குறை அடங்குகிறது, அவ்வளவுதான். சாதித்தோம் என்ற நினைப்பு, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், இவைதான் சந்தோஷம் தருகின்றன என்றார். குழம்பு யார் வைத்தது என்று கேட்ட அந்த அம்மாவின் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும். ஆனால் ஒன்று. அவர் கேட்டது மாதச் சம்பளம் ஒழுங்காக வாங்கியவர்களிடம். நம் மலையில் மே மாதம் பதினாறு மணி நேரம் நிற்கிறவரை ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதிச் சம்பளத்துக்கு நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் ஊருக்குப் போ என்கிறார்கள். அவரிடம் போய் பாராட்டு, பொறுப்பு என்று பேசுவது சரியில்லை. முதலில் பன்னிரண்டு மாதமும் சம்பளம். கம்பளியும் வெந்நீரும் உள்ள ஒரு தங்குமிடம். பிரேக் டியூட்டியில் நடுவே நாலு மணி நேரம் குளிரில் எங்கே போய் உட்காருவார்? அப்புறம் சாப்பாடு. நூறு பேருக்குச் சமைத்தவர் மூன்றரை மணிக்கு அடிச்சோற்றைத் தின்னக் கூடாது. ஒரு ஓட்டல் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமா? சமையல்காரர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான். படிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய எழுதி வந்தேன், வேகமாகச் சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐயில் உணவுத் தயாரிப்பு என்றே ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. சென்னை தரமணியில் 1963-இலிருந்து நடக்கிற ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் மூன்றாண்டுப் பட்டமும் உண்டு, சமையலுக்கென்று ஒன்றரை ஆண்டுச் சான்றிதழும் உண்டு. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளைச் செலவை ஏற்றுத் தரமணியில் படிக்கவைக்கிற திட்டம் தாட்கோ என்கிற அரசுக் கழகத்தில் வந்திருக்கிறது. நம் மலையின் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கு இதை யாராவது நேரில் போய்ச் சொல்லுங்கள். ரேடியோவில் சொன்னால் மட்டும் போய்ச் சேராது.

பெண்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேச நினைத்திருந்தேன். ஓட்டல்களில் அவர்களைக் காய் நறுக்கவும் மாவாட்டவும் பாத்திரம் கழுவவும் மட்டும் வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே ஹோம்ஸ்டேக்களில் முழுச் சமையலும் அவர்கள் கையில் நடக்கிறது, விருந்தினர்கள் தேடி வந்து சாப்பிடுகிறார்கள். அடுத்த அடுப்பு அவர்களுக்கும்... சரி, நேரம் முடிந்ததென்று விளக்கு எரிகிறது. நேரம் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.