கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது டோட்டல் கொலஸ்ட்ரால் என்ற வரியைத்தான். அது 200-க்குள் இருந்தால் கவரோடு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் மாரடைப்பு வருமா என்று பார்க்க அந்த ஒரு வரி போதவே போதாது.

பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் ஒரு லேபில் எடுத்த ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். டோட்டல் 190. நல்ல கொழுப்பு என்கிறோமே, அந்த எச்.டி.எல். 32. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 110. டோட்டலைப் பார்த்தால் பயமே இல்லை. சரி, இப்போது 190-இலிருந்து 32-ஐக் கழியுங்கள். 158 வருகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொழுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பொதுவாக இது 130-க்குள் இருக்க வேண்டும், சர்க்கரை நோயாளிக்கு 100-க்குள் இருப்பது நல்லது. ஆக, 'நார்மல்' என்று மடித்து வைத்த அந்த ரிப்போர்ட் நார்மல் இல்லை. இந்தக் கழித்தலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டாம், வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். எல்.டி.எல்.லைப் பல லேப்கள் நேரடியாக அளப்பதில்லை. டோட்டலில் இருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு எடுபடாது. அப்போது எல்.டி.எல்.லைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

நான் சொன்ன அந்த ரிப்போர்ட் நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது. எல்.டி.எல். ரொம்ப ஏறியிருக்காது. எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு அதிகம், கூடவே தொப்பை, பாதிப் பேருக்குச் சர்க்கரையும் எட்டிப் பார்க்கும். இவர்கள் ரிப்போர்ட் வந்த அன்றே முட்டையை நிறுத்திவிடுகிறார்கள். மதியம் தட்டு நிறையச் சாதம், ராத்திரி நாலு இட்லி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபி, எல்லாம் அப்படியே தொடர்கிறது. டிரைகிளிசரைடை ஏற்றுவது இந்த மாவுச்சத்தும் இனிப்பும்தான், மதுவும்தான். எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதை நம்பித் தாராளமாக ஊற்றாதீர்கள். கடலை, எள், சூரியகாந்தி என்று எந்தச் செடி எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் எண்ணெய் எண்ணெய்தான்.

அப்புறம், எண்ணைவிட ஆள் முக்கியம். இரண்டு பேருக்கு எல்.டி.எல். 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 32 வயதுப் பெண். பிரஷர் இல்லை, சுகர் இல்லை. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று சொல்லி அனுப்பலாம். மற்றவர் 52 வயது, பத்து வருடமாகச் சுகர், சிகரெட்டை விடவில்லை. இவருக்கு அதே 130-க்கு மாத்திரை கட்டாயம். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு, ஊர்மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்துச் சொன்னதும் இதுதான்: கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை எல்லாம் சேரச் சேர ஆபத்து ஏறுகிறது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் எல்.டி.எல். 70-க்குக் கீழே வர வேண்டும். 55-க்குக் கீழே கொண்டுவரச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அவருக்கு லேப் அச்சடித்துத் தரும் நார்மல் அளவு பொருந்தாது.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தப் பரிசோதனையை ஆயுளில் ஒரு தடவை எடுப்பது நல்லது. கெட்ட கொழுப்பைப் போன்ற அந்தப் பொருளின் அளவு பெரும்பாலும் பிறப்போடு வருவது, சாப்பாட்டால் ஏறி இறங்காது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. "நார்மல் ஆயிடுச்சு டாக்டர், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று வருகிறவர்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். தசை வலித்தால் நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இந்த மாத்திரையைப் பொதுவாக நிறுத்தி வைப்போம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். "எனக்கு எல்.டி.எல். எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?" என்று கேட்டு, அந்த எண்ணை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.