மேட்டுப்பாளையம் ரயிலும் மாடி ஜன்னலும்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரி வக்கீல்களுக்கு உயர் நீதிமன்றம் என்றால் சென்னைதான். மதுரைக் கிளையின் எல்லைக்குள் நாம் வருவதில்லை. மனு ஐந்து நிமிடம்தான் நடக்கும் என்று தெரிந்தாலும், மலையிறங்கி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து, காலையில் அங்கியை மாட்டி நின்றுவிட்டு, அன்றிரவே திரும்ப வேண்டும். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அந்த ரயிலும் கைக்கு எட்டாது. இத்தனை அலைச்சலுக்கும் செலவு கட்சிக்காரர் தலையில்தான் விழுந்தது.

2020 பொது முடக்கத்தில் நீதிமன்றம் காணொலிக்கு வந்தது. இப்போது என் வீட்டு மாடியில், சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலோரம், அங்கிக்குள் ஸ்வெட்டருடன் வாதாடுகிறேன். மூடுபனி நாளில் மின்சாரம் போனால் வாதமும் பாதியில் போகும். ஆனாலும் அந்த ரயிலுக்கு நான் ஏங்கவில்லை.

நான் முகம் சுளிப்பது வேறொன்றுக்கு. வக்கீல்களை வரிசைப்படுத்தி, நட்சத்திரம் போட்டு, கட்டணம் சொல்லி விற்கும் இணையத்தளங்கள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் 36ஆம் விதி வக்கீல் விளம்பரம் தேடுவதைத் தடுக்கிறது. பெயர், முகவரி, பதிவு எண், தகுதி போன்றவற்றைச் சொந்தத் தளத்தில் போட 2008இல் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தில் ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சரியான தீர்ப்பு என்பேன். நியாயம் இல்லாத வழக்கில் தோற்ற கட்சிக்காரர் எத்தனை நட்சத்திரம் போடுவார், சொல்லுங்கள்?

முன்பு வாய்தா தேதி குமாஸ்தாவின் டைரியில் இருந்தது. அவரிடம் கெஞ்ச வேண்டும். இன்று ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். அடையாள எண்ணை, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் தட்டினால் தேதி வந்து நிற்கிறது. எனக்கு முன்பே கட்சிக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது.

சென்ற மாதம் கூடலூர்ப் பெரியவர் ஒருவர் பதறிப்போய் அழைத்தார். "ஐயா, டிஸ்போஸ்டு என்று போட்டிருக்கிறது, பேரன் படித்துச் சொன்னான். நிலம் போய்விட்டதா?" டிஸ்போஸ்டு என்றால் முடிந்தது என்று பொருள். ஆனால் முடிந்தது வழக்கின் நடுவே போட்ட இடைக்கால மனு ஒன்று மட்டும், அதுவும் நமக்குச் சாதகமாகத்தான். இருபது நிமிடம் விளக்கினேன். "சரிங்க ஐயா" என்று வைத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில், வழக்குக் கட்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு, உதகைக்கே வந்துவிட்டார்.