லைப்ரரிய செஞ்சவங்கதான் சொல்லணும்

வணக்கம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவ்ளோ பேர் வந்து உக்காந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். பாலிடெக்னிக் தம்பி தங்கச்சிங்களும் இருக்கீங்க, வேலைல இருக்கிற அண்ணன் அக்காமாரும் இருக்கீங்க, அதனால ரோபோ சாஃப்ட்வேர் எழுதப் பயன்படுற ராஸ் என்னன்னு நீட்டி முழக்கப் போறதில்ல. ஒரே விஷயம்தான் பேசப் போறேன். ஒரு பேக்கேஜ்ல ஷேர்ட் லைப்ரரி, அதாவது பல புரோகிராம் ஓடும்போது பகிர்ந்துக்கிற கோட் ஃபைல், ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோம், பக்கத்து பேக்கேஜ் அத யூஸ் பண்ணணும், லிங்க் ஆக மாட்டேங்குது, அதாவது லைப்ரரியோட சேர்ந்து ஒட்ட மாட்டேங்குது. அப்ப எல்லாரும் என்ன பண்றாங்கன்னா எரர் எங்க வந்துச்சோ அந்த பேக்கேஜ்லயே உக்காந்து தோண்டுறாங்க. பெரும்பாலும் சரி பண்ண வேண்டிய இடம் லைப்ரரிய செஞ்ச பேக்கேஜ்தாங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ரோபோ கையோட மூட்டுக் கோணத்த கணக்கு போடுற லைப்ரரி, பேரு கினமேடிக்ஸ். பெட்டிய எடுத்து வைக்கிற நோடு, அதாவது ராஸ்ல ஓடுற ஒரு புரோகிராம், பேரு பிக்கர். ரெண்டும் ஒரே வொர்க்ஸ்பேஸ்ல தனித்தனி பேக்கேஜ். கினமேடிக்ஸ் நல்லா பில்ட் ஆகுது, டாட் எஸ்ஓ ஃபைலும், அதான் அந்த ஷேர்ட் லைப்ரரி, கண்ணு முன்னாடி கிடக்கு. பிக்கர பில்ட் பண்ணா அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்னு பக்கம் பக்கமா ஓடுது.

பழைய ராஸ்ல, அதாவது ராஸ் 1ல, பில்ட் பண்ற கருவி பேரு கேட்கின், அதுல இது ஏன் நடக்குதுன்னு பாருங்க. கினமேடிக்ஸோட சிமேக்லிஸ்ட்ஸ்ல, அதாவது எப்படி பில்ட் பண்ணணும்னு சிமேக் கருவிக்கு சொல்ற ஃபைல்ல, கேட்கின் பேக்கேஜ்னு ஒரு வரி இருக்கும். அதுக்குள்ள இன்க்ளூட் டிர்ஸ் எழுதியிருப்பாங்க, லைப்ரரீஸ்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அத மறந்துருப்பாங்க. அப்ப பிக்கர் ஃபைண்ட் பேக்கேஜ் போடும்போது ஹெடர் பாத், அதாவது ஃபங்ஷன் பேரெல்லாம் இருக்கிற ஃபைலோட இடம், மட்டும் வரும், கேட்கின் லைப்ரரீஸ்ங்கிற வேரியபிள்ல கினமேடிக்ஸ் பேரே இருக்காது. ஹெடர் இருக்கிறதால கம்பைலர் சத்தம் போடாம வேலைய முடிச்சிடும், லிங்கர் கிட்ட வரும்போதுதான் வெடிக்கும். தேக்கா மார்க்கெட்ல கடைக்காரர் உள்ள மட்டன் பிரியாணி சமைச்சு வச்சுட்டு போர்டுல எழுதாம விட்ட மாதிரி, வர்றவங்களுக்கு எப்படிங்க தெரியும்?

இங்கதான் நிறைய பேர் குறுக்கு வழி பிடிக்கிறாங்க. பிக்கர்ல போய் தன்னோட ஹோம் ஃபோல்டர் பாத்த முழுசா டைப் பண்ணி, அதுல இருக்கிற டாட் எஸ்ஓவ நேரா லிங்க் பண்ணிடுறாங்க. ஓடவும் ஓடும். ஆனா அதே கோட அடுத்த ஆளு லேப்டாப்ல எடுத்தா அந்த ஃபோல்டரே இருக்காது, ரோபோல ஏத்தினாலும் இருக்காது. தயவு செஞ்சு அந்த வரிய எழுதாதீங்க, ரிவ்யூல பாத்தா மெர்ஜ் பண்ண விடாதீங்க.

ராஸ் 1 கதை 2025 மே மாசம் அதோட கடைசி வெர்ஷன் நொயெட்டிக்கோட சப்போர்ட் முடிஞ்சதோட முடிஞ்சாச்சு, ஆனா ஃபேக்டரில ஓடிக்கிட்டு இருக்கிற மெஷின யாரும் அன்னிக்கே தூக்கிப் போடல, அதனால கேட்கினும் தெரிஞ்சு வச்சுக்கணும். ராஸ் 2ல கேட்கினுக்கு பதிலா ஆமெண்ட். இதுல போர்டு எழுதுற வேலை கொஞ்சம் ஜாஸ்தி. கினமேடிக்ஸ் டார்கெட்ட, அதாவது சிமேக் பில்ட் பண்ற அந்த லைப்ரரிய, இன்ஸ்டால் பண்ணும்போது எக்ஸ்போர்ட்னு ஒரு பேரு குடுக்கணும், அதே பேர ஆமெண்ட் எக்ஸ்போர்ட் டார்கெட்ஸ்ல போடணும், ஹெடர் ஃபோல்டரையும் மறக்காம இன்ஸ்டால் பண்ணணும். அடுத்து இன்னொண்ணு இருக்கு, அதத்தான் எல்லாரும் விடுறாங்க. கினமேடிக்ஸோட ஹெடருக்குள்ள ஐகன்ங்கிற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரிய இன்க்ளூட் பண்ணியிருக்கீங்கன்னு வைங்க, அப்ப பிக்கருக்கும் ஐகன் வேணும்ல, அத ஆமெண்ட் எக்ஸ்போர்ட் டிபெண்டன்சீஸ்ல சொல்லணும். சொல்லலன்னா பிக்கர்ல சிமேக் வந்து ஐகன் டார்கெட் கிடைக்கலன்னு நிக்கும், பிக்கர் எழுதின பொண்ணு நான் ஐகன தொடவே இல்லையேன்னு முழிச்சுக்கிட்டு இருப்பா. ஹெடர்ல வெளிய தெரியிறது எதுவோ அது பப்ளிக், சிபிபி ஃபைலுக்குள்ளயே இருந்துட்டா பிரைவேட், டார்கெட் லிங்க் லைப்ரரீஸ் எழுதும்போதே இத முடிவு பண்ணிடுங்க.

இன்க்ளூட் பாத்தையும் ரெண்டா பிரிச்சு எழுதணும், பில்ட் நடக்கும்போது ஒண்ணு, இன்ஸ்டால் ஆன பிறகு ஒண்ணு. சோர்ஸ் ஃபோல்டர் பாத்த அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணப் பாத்தா சிமேக்கே எரர் குடுத்து நிறுத்திடும், அது நல்லதுக்குத்தான்.

எழுதுற இடத்துலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. கேட்கின் பேக்கேஜ் வரி லைப்ரரிய டிக்ளேர் பண்றதுக்கு முன்னாடி வரணும், ஆமெண்ட் பேக்கேஜ் வரி ஃபைலோட கடைசில வரணும். பழச புதுசா மாத்தும்போது இடம் மாத்தாம விட்டா, எக்ஸ்போர்ட் வரி ஆமெண்ட் பேக்கேஜுக்கு அப்புறம் வந்து சிமேக் எரர் குடுத்து நிறுத்திடும்.

சரி, ஒரு பேக்கேஜ் எத நம்பி இருக்குன்னு எழுதுற பேக்கேஜ் எக்ஸ்எம்எல்லுக்கு வருவோம். பிக்கரோட எக்ஸ்எம்எல்ல கினமேடிக்ஸ டிபெண்டா போடலன்னா வொர்க்ஸ்பேஸ் முழுசையும் பில்ட் பண்ற கோல்கானுக்கு எது முதல்லன்னு தெரியாது, ரெண்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சிடும். உங்க லேப்டாப்ல நேத்து பில்ட் பண்ணின கினமேடிக்ஸ் இன்ஸ்டால் ஃபோல்டர்ல இருக்கும், அத எடுத்துக்கிட்டு பிக்கர் ஜம்முனு பில்ட் ஆயிடும். கோட தானா பில்ட் பண்ணிப் பாக்கிற சிஐ சர்வர்ல ஒண்ணுமே இல்லாம ஆரம்பிக்கும்போது ஃபெயிலாகும். எனக்கு ஓடுது உனக்கு ஏன் ஓடலன்னு டீம்ல சண்டை வர்றது இதனாலதான். பில்ட், இன்ஸ்டால், லாக் மூணு ஃபோல்டரையும் அழிச்சுட்டு, அந்த வொர்க்ஸ்பேஸோட செட்டப் ஃபைல சோர்ஸ் பண்ணாத, அதாவது ஏத்தாத, புது டெர்மினல் திறந்து, முதல்லேருந்து பில்ட் பண்ணிப் பாருங்க. புஷ் பண்றதுக்கு முன்னாடி இத பழக்கமாவே வச்சுக்கணும்னு நான் ஆசைப்படுறேன்.

இப்ப எரர படிக்கிற விஷயம். ஃபைல் ஆர் டைரக்டரி இல்லன்னு வந்தா பேசுறது கம்பைலர், ஹெடர் பாத் பிரச்சன. அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்னு வந்தா லிங்கர், லைப்ரரி பேரு லிங்க் லிஸ்ட்ல வரல, இல்ல வந்த லைப்ரரிக்குள்ள அந்த ஃபங்ஷன் இல்ல, எஸ்ஓ மேல, உள்ள இருக்கிற ஃபங்ஷன் பேர காட்டுற என்எம் கமாண்ட் போட்டா ரெண்டுல எதுன்னு தெரிஞ்சிடும். எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்னு வந்தா பில்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அது ஓடுற நேரத்துல லைப்ரரிய மெமரிக்கு ஏத்துற லோடர் பேசுறது.

இந்த மூணாவதப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா கஸ்டமர் முன்னாடி வந்து நிக்கிறது இதுதான். ஒரு டீம்ல நான் பாத்தது. டெஸ்க்ல உக்காந்து கையால ஸ்டார்ட் பண்ணா டெலிவரி ரோபோ அழகா போகுது, பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நோடு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. டெர்மினல்ல, திறக்கும்போதே ஓடுற பாஷ்ஆர்சி ஃபைல் வழியா செட்டப் ஃபைல் தானா சோர்ஸ் ஆகி, லைப்ரரிய எங்க தேடணும்னு சொல்ற எல்டி லைப்ரரி பாத் செட் ஆகியிருக்கு, மெஷின் ஆன் ஆகும்போது நோட ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டி சர்வீஸ் பாஷ்ஆர்சிய படிக்காது, அதனால கினமேடிக்ஸ் எங்க இருக்குன்னு லோடருக்குத் தெரியல. அட்மின் உரிமை குடுக்கிற சுடோ போட்டு ஓட்டினாலும் இதே கதை, சாதாரணமா அந்த வேரியபிள சுடோ கடத்தி விடாது. சர்வீஸ் கூப்பிடுற ஸ்கிரிப்ட்லயே செட்டப் ஃபைல சோர்ஸ் பண்ணினதும் சரியாச்சு. எல்டிடி கமாண்ட் போட்டா எந்த எஸ்ஓ எங்கேருந்து வருதுன்னு வரிசையா காட்டும், நாட் ஃபவுண்ட்னு இருக்கிற வரிதான் உங்க ஆளு.

அதே எல்டிடி இன்னொண்ணும் காட்டிக் குடுக்கும். ஒரே லைப்ரரி ஆப்ட் இன்ஸ்டாலர் வழியா ஒரு வெர்ஷன், வொர்க்ஸ்பேஸ்ல ஒரு வெர்ஷன்னு ரெண்டு இருந்தா, பழச வச்சு பில்ட் ஆன பேக்கேஜ் ஓடும்போது புதுச தூக்கிக்கும். கிளாஸ்ல ஒரு மெம்பர் கூட்டியிருந்தாலே மெமரி லேஅவுட் மாறிடும், எரர் மெசேஜ் எதுவும் இல்லாம செக்மென்டேஷன் ஃபால்ட்ல விழும். லைப்ரரிய தொட்டா அத நம்பி இருக்கிற எல்லாத்தையும் திரும்ப பில்ட் பண்ணுங்க.

இவ்ளோ தொல்லைன்னா ஸ்டேடிக்காவே, அதாவது லைப்ரரி கோட புரோகிராமுக்குள்ளயே சேத்து, வச்சுக்கலாமேன்னு கேப்பீங்க. ராஸ்ல பிளகின சேக்கிற பிளகின்லிப், புரோகிராம் ஓடும்போதுதான் அத லோட் பண்ணும், அதுக்கு ஷேர்ட் தான் வேணும். ஒரே ஸ்டேடிக் லைப்ரரிய ரெண்டு பிளகினுக்குள்ள போட்டா ஒண்ணே ஒண்ணு இருக்க வேண்டிய சிங்கிள்டன் ரெண்டு காப்பி ஆகுற ஆபத்தும் இருக்கு. கேட்கின் சொல்லாமலே ஷேர்டா செய்யும், வெறும் சிமேக் சொல்லலன்னா ஸ்டேடிக்கா செய்யும், அதனால ஷேர்ட்னு வாய்விட்டு எழுதிடுங்க.

நல்லா செஞ்ச ஒண்ணப் பாக்கணும்னா ஓப்பன் ஆர்எம்எஃப் கோட திறந்து பாருங்க. வேற வேற கம்பெனி ரோபோ, லிஃப்ட், கதவு எல்லாத்தையும் ஒண்ணா ஓட வைக்கிற சாஃப்ட்வேர், நம்ம சிங்கப்பூர் ஆஸ்பத்திரித் தேவைலேருந்து வளந்தது, எனக்கு அதுல உண்மையாவே பெருமை. அதுல ஆர்எம்எஃப் டிராஃபிக்னு ஒரு சி++ லைப்ரரி, வழிய திட்டம் போடுறது, மோதல கண்டுபிடிக்கிறது அதோட வேலை. அதுக்கு ராஸ்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அதுக்கு மேல ராஸ் 2க்கு ஒரு பேக்கேஜ், அதுக்கும் மேல, ரோபோ கூட்டத்த அதோட இணைக்கிற ஃப்ளீட் அடாப்டர். ஒவ்வொண்ணும் தன்கிட்ட என்ன இருக்குன்னு எக்ஸ்போர்ட் பண்ணுது, மேல இருக்கிறது பேர சொல்லிக் கேக்குது.

பின்னாடி தம்பி ஒருத்தர் கேட்டாரு, சென்சார் கம்பெனி வெறும் எஸ்ஓவும் ஹெடரும் மட்டும் குடுத்தா என்னண்ணே பண்றதுன்னு. நல்ல கேள்வி. அதுக்குன்னு சின்னதா ஒரு பேக்கேஜ் செய்யுங்க, எஸ்ஓவையும் ஹெடரையும் அதுக்குள்ள வச்சு இன்ஸ்டால் பண்ணுங்க, ஏற்கனவே பில்ட் ஆன ஃபைல சிமேக்குக்கு காட்டுற இம்போர்ட்டட் டார்கெட் ஒண்ணு டிக்ளேர் பண்ற சிமேக் ஃபைல எழுதி அதையும் எக்ஸ்ட்ராஸா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அப்புறம் மத்த பேக்கேஜ் எல்லாம் அத மட்டும் ஃபைண்ட் பேக்கேஜ் போட்டா போதும். அவங்க குடுத்தது இன்டெல் சிப்புக்கா, ஜெட்சன் போர்டுல இருக்கிற ஆர்ம் சிப்புக்கான்னு மட்டும் ஃபைல் கமாண்ட் போட்டு முதல்லயே பாத்துக்கோ தம்பி.